கல் வரிசை

பேருந்து ஏறப் போய்ப் பல்லை இழந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். முட்டைக்காரர் சிரித்தால் முன்வரிசையில் ஒரு வாசல் தெரியும். மளிகைக்கடைக்காரரின் சுண்டுவிரல் கதவின் மடிப்பில் நசுங்கி நகமில்லாமல் போனது. பள்ளிக்கூடத்தில் பெருக்கும் பெண்ணை முடியைப் பிடித்துப் படியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். இழுத்தவள் அவளுடைய சொந்த நாத்தனார். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஏதோ கலவரத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். கலவரமெல்லாம் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

முன்பு எங்களுக்கு ரயில் இருந்தது. என் அக்கா அந்த நிலையத்தில் டிக்கெட் கொடுத்தாள். கம்பி போட்ட சின்ன ஜன்னல், அதற்குப் பின்னால் உயரமான முக்காலி, அதன்மேல் அக்கா. வரிசையை விட்டுப் பக்கவாட்டில் நீளும் கைக்கு, அது ஊர்ப் பெரிய மனிதரின் கையாக இருந்தாலும், டிக்கெட் கிடையாது. "கை வந்திருக்கு, ஆள் எங்க?" என்று கேட்பாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதலில் ரயில் நேரத்தை மாற்றினார்கள். யாருக்கும் ஒத்துவராத நேரம். ஆள் குறைந்தது. ஆள் குறைவு என்று சொல்லி ரயிலையே நிறுத்தினார்கள். "காலை உடைச்சிட்டு, இவன் ஓட்டப்பந்தயத்துக்கு வரலைன்னு பேரை வெட்டுறாங்கடா" என்றாள் அக்கா. ஜன்னலுக்குப் பலகை அடித்த அன்று அந்தப் பலகையில் 'மூடப்பட்டது' என்று எழுதியது நான்தான். கடைப் பலகைகள் எழுதுவது என் தொழில். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்துவிட்டது. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூடினதுதான் மூடுறீங்க, நேரா மூடக் கூடாதா?" என்றாள்.

பிறகு பேருந்துகள் போயின. ரயில் போன மாதிரி ஒரேயடியாக இல்லை. வீட்டில் பாத்திரம் திருடுபோவதுபோல ஒவ்வொன்றாக. மதிய வண்டி போனது. ஞாயிற்றுக்கிழமை வண்டி போனது. கடைசியில் காலையில் ஒன்று போய், அதுவே மாலையில் திரும்பும் என்று ஆகிவிட்டது. சரக்கு ரயில் மட்டும் ஊரை நிமிர்ந்தும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் சிறுநீரகங்கள் கைவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்து மருத்துவமனைக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். "இன்னைக்கு என்னை அலசிக் காயப்போடுற நாள்" என்பாள். இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு முறுக்கியதுபோலப் புடைத்திருக்கும். மேலே விரல் வைத்தால், தூரத்தில் ரயில் வரும்போது தண்டவாளத்தில் தெரியும் அதிர்வு தெரியும். ஆரம்பத்தில் எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். "ரயில நிறுத்திட்டாங்கன்னு எவன் சொன்னது? இங்க ஓடுது பாரு."

ஒருநாள் யாரோ அந்தக் கையைப் பிடித்து இழுத்ததில் வீங்கிவிட்டது. நர்ஸ் அவளைத் திட்டித் தீர்த்தாள். அதிலிருந்து அக்கா ஊருக்கே சட்டம் போட்டாள். அந்தக் கையில் பை மாட்டக் கூடாது, கடிகாரம் கட்டக் கூடாது, யாரும் தொடவே கூடாது. தெருவில் வருகிறவர்கள் அவளுடைய வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து பேசினார்கள். பேருந்து ஏறும்போது தையல்காரம்மா முன்னால் நின்று, "அக்கா கை, அக்கா கை, தொடாதீங்க" என்று கத்தி வழி விலக்குவாள். எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூட அந்தக் கையைத் தொடக் கூடாது என்று தெரியும்.

ஒரே ஒரு தடவை அவளால் பேருந்தில் ஏற முடியவில்லை. நெரிசலில் என்னையும் அவளையும் சேர்த்து நிறுத்தத்தை ஒட்டிய வாய்க்காலில் தள்ளிவிட்டார்கள். மறுநாள் அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு விட்டாள். தரையில் இருந்துகொண்டே தண்ணீரில் முழுகுகிறவளைப்போல இருந்தாள். செங்கல் லாரியில் ஏற்றிப் போனேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இன்னும் ஒரு தடவை இப்படித் தவறினால் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்காது என்றார். வாடகைக் காரில் ஒரு நாள் போகலாம், ஒரு மாதம்கூடப் போகலாம். ஆயுள் முழுக்க யாரால் முடியும்? நகரத்திலேயே குடியேறச் சொன்னவர்களும் உண்டு. "பஸ்ஸ நிறுத்தினது அவங்க, வீட்டைக் காலி பண்றது நானா?" என்றாள் அக்கா.

வாய்க்காலில் விழுந்து எழுந்த பிறகுதான் கல் வரிசை வந்தது.

யோசனை அவளுடையது. ஒவ்வொருவருக்கும் ஒரு கல். முந்தின நாள் மாலையில் வந்து இறங்கும்போதே நிறுத்தத்தில் அவரவர் கல்லை வரிசையாக வைத்துவிட வேண்டும். காலையில் கல் இருக்கும் இடம்தான் ஆள் நிற்கும் இடம். கல்லைப் பார்த்ததும் ஆள் தெரிய வேண்டுமே, அதற்காக நான் எனாமல் பெயிண்டில் படம் போட்டுக் கொடுத்தேன். தையல்காரம்மாவுக்குக் கத்தரிக்கோல். மளிகைக்கடைக்காரருக்குத் தராசு. குளிர்கிடங்கில் இறைச்சி வெட்டும் நெட்டைக்கு ஏணி.

"என் கல்லுல ஏன் தம்பி எலிப்புழுக்கை வரைஞ்சிருக்க?" என்று கேட்டார் முட்டைக்காரர்.

"முட்டைண்ணே அது."

"முட்டை இப்படியா இருக்கும்?"

"நீங்க விக்கிற முட்டை இப்படித்தான் இருக்கு" என்றான் நெட்டை. நிறுத்தமே சிரித்தது. முட்டைக்காரரும் அந்த வாசல் தெரியச் சிரித்தார்.

அக்காவுக்கு மெஷின் உள்ள நாட்களில் அவள் கல் எல்லாருக்கும் முன்னால் இருக்கும். அதை முதலில் சொன்னவன் நெட்டைதான். அவனும் அவனுடைய ஆட்களும் குளிர்கிடங்குக்குப் போகிறவர்கள். அங்கே நேரமானால் இரும்பு கேட்டை இழுத்துச் சாத்திவிடுவார்கள். மறுபடி மறுபடி வெளியே நின்றுபோனவனுக்கு வேலை இல்லை. இருந்தும் அவன் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் நிற்பான். பேருந்தின் முதல் படி உயரம். வலது அக்குளில் கை கொடுத்து அவளை ஒரு மூட்டைபோலத் தூக்கி மேலே வைப்பான்.

"மெதுவாடா, நான் என்ன உன் கொக்கியில தொங்குற மாடா?"

"மாடுன்னா இந்நேரம் நாலு துண்டு ஆகியிருக்கும்க்கா. உன் வாயை வெட்ட எங்க கிட்ட கத்தி இல்ல."

அப்படிப் பல மாதங்கள் போயின. அடிதடி இல்லை. அக்கம்பக்கத்து நிறுத்தங்களிலும் கல் வரிசை வைத்தார்கள். அக்காவிடம் வந்து விவரம் கேட்டுப் போனார்கள்.

பிறகு வண்டியையே மாற்றினார்கள். ஒரு காலையில் பழைய நீளமான பேருந்து வந்த இடத்தில் அதில் பாதி உள்ள குட்டி வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் மட்டும் மாறவில்லை. அவர் எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டியவர், ஊருக்கே மாப்பிள்ளை.

"என்ன மாப்பிள்ளை, பொண்ணு குடுத்த ஊருக்குப் பொம்மை வண்டி ஓட்டிட்டு வர்றீங்க?" என்றார் முட்டைக்காரர்.

"டிப்போல குடுத்ததை ஓட்டிட்டு வர்றேன் மாமா. சைக்கிள் குடுத்தா அதையும் ஓட்டிட்டு வருவேன்."

அன்று சிரித்தார்கள். ஆனால் வரிசையின் பின்பாதி ஏறவே முடியவில்லை. மறுநாளும் அப்படியே. கல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, வண்டியில் இடம் இல்லை. முந்தின நாள் யார் முதலில் கல் வைக்கிறார்கள் என்பதில் சண்டை ஆரம்பித்தது. மாலையில் வந்து இறங்கும்போதே கல்லுக்காக ஓடினார்கள். தையல்காரம்மாவின் காலை யாரோ மிதித்துக் கணுக்கால் புரண்டது. மளிகைக்கடைக்காரரின் மகன் குளிர்கிடங்கு ஆள் ஒருவனைத் தூணோடு வைத்து முட்டினான். அவன் மூக்கு உடைந்தது. மறுநாள் குளிர்கிடங்கு ஆட்கள் மளிகைக்கடைக்கு வந்து எண்ணெய் டின்களைத் தெருவில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நெட்டை முகத்தில் சிரிப்பே இல்லாமல் போனது. அவனுடைய ஆட்களில் சிலருக்கு வேலை போயிருந்தது. அடுத்தது அவன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

அந்தக் காலையில் நாங்கள் நிறுத்தத்துக்குப் போனபோது கற்கள் இடம் மாறியிருந்தன. அக்காவின் கல் முன்னால் அப்படியே இருந்தது. அதற்கடுத்துக் குளிர்கிடங்கு ஆட்களின் கற்கள் வரிசையாக இருந்தன. தையல்காரம்மா, முட்டைக்காரர், பள்ளிக்கூடத்துப் பெண், இன்னும் பலருடைய கற்களைக் காலால் தள்ளிக் கடைசிக்கு விட்டிருந்தார்கள். சில வாய்க்கால் ஓரம் கிடந்தன. முட்டைக்காரர் குனிந்து தன் கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

"யாருடா இதைச் செஞ்சது?" என்றாள் அக்கா.

குளிர்கிடங்கு ஆட்கள் பேருந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெட்டை, உன்னைத்தான் கேக்குறேன்."

"உன் கல்லு முன்னாடிதானேக்கா இருக்கு. நீ ஏறு. உன்னை யாரு என்ன சொன்னா?"

"என் கல்லைப் பத்தியா கேட்டேன்?"

அப்போது பேருந்து வந்து நின்றது. கதவு மடிந்து திறந்தது. நான் அக்காவின் காதருகே, "ஏறுக்கா, முதல்ல ஏறு, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றேன். அவள் ஏறினாள். அன்று நெட்டை தூக்கிவிடவில்லை. நான்தான் வலது கையைப் பிடித்து ஏற்றினேன். முதல் படியில் ஏறியவள் உள்ளே போகவில்லை. திரும்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கல்லை இருந்த இடத்துல வைங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் ஏறக் கூடாது."

"அக்கா, இன்னைக்கு வேணாம்" என்றான் நெட்டை. அவன் குரல் தாழ்ந்திருந்தது. "இன்னைக்கு கேட்டு சாத்திட்டா எனக்கு வேலை இல்ல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். தையல்காரம்மா கணவர் ஆஸ்பத்திரியில படுத்திருக்காரே, அது உனக்குத் தெரியும்ல? வரிசைன்னா வரிசைதான்டா."

"நீ ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு எங்களை வெயில்ல நிக்க வெச்ச காலமெல்லாம் மலையேறிடுச்சுக்கா. இது உன் ஸ்டேஷன் இல்ல."

"ஸ்டேஷன் இல்லாட்டி என்ன? நீ மனுஷன்தானே?"

பின்னாலிருந்து ஒருவன், "தள்ளிவிட்டு ஏறுங்கடா, கிழவி கூட என்ன பேச்சு" என்றான். முட்டைக்காரர் திரும்பி அவன் கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியவன் அவருடைய கூடையை உதைத்தான். அத்தனை முட்டைகளும் தாரில் உடைந்து வழிந்தன. முட்டைக்காரர் குனிந்தார். உடைந்ததைப் பொறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கல்லோடு நிமிர்ந்தார். உதைத்தவனின் காதுக்கு மேலே அடித்தார். ஈரத் தேங்காயைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு எல்லார் கையிலும் கல் இருந்தது. கையெட்டும் தூரத்தில், வரிசையாக, ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று அங்கே கல் இருந்தது. நான் வரைந்த தராசு பறந்து போய் ஒருவன் முழங்காலை உடைத்தது. பள்ளிக்கூடத்துப் பெண் தன்னைவிட இரண்டு மடங்கு இருந்தவனின் முதுகில் ஏறிக்கொண்டு அவன் தலையில் அடித்தாள். என் புருவத்தில் ஏதோ வந்து மோதியது. வலிக்கவில்லை, ஒரு கண் மட்டும் சிவப்பாகி மூடிக்கொண்டது. பின்சக்கரத்தின் பக்கம் விழுந்தேன். ஒருவன் என் நெஞ்சின்மேல் உட்கார்ந்து முகத்தில் குத்தினான். அவன் கல்யாணத்துக்குப் பந்தல் பலகை எழுதிக் கொடுத்தவன் நான்.

சக்கரத்துக்கும் அவன் தோளுக்கும் நடுவில் எனக்கு வாசல் தெரிந்தது. நெட்டை அக்காவைக் கீழே இழுக்கப் பார்த்தான். வலது கையைத்தான் பிடித்திருந்தான். அந்த ஆத்திரத்திலும் அவன் வலது கையைத்தான் பிடித்தான், இதை நான் போலீஸிலும் சொன்னேன். அக்கா விழாமலிருக்க இடது கையை நீட்டிக் கதவின் கம்பியைப் பற்றினாள். அந்தக் கையை அவள் எதற்கும் நீட்டி நான் பார்த்ததில்லை. யாரோ எறிந்த கல் கதவுக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி உதிர்ந்தது, கொஞ்சம் மட்டும் கத்திபோலச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை பயந்துபோய்க் கதவு மூடும் பொத்தானை அழுத்தினார்.

அக்கா கத்தவில்லை. "ஐயோ, கை" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

ரத்தம் சொட்டவில்லை, வழியவில்லை. குழாய் உடைந்த மாதிரி அடித்தது. நெட்டையின் முகத்தில் அடித்தது. எதிரில் நின்ற தூணில் அவள் தலை உயரத்துக்கு அடித்தது. கல்லோடு நின்றவர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். அவளைச் சுற்றி வட்டமாக ஒரு வெற்றிடம் உண்டானது.

"அக்கா கை! தொடாதீங்க! அக்கா கையை யாரும் தொடாதீங்க!" அது தையல்காரம்மாவின் குரல்.

யாரும் தொடவில்லை. நெட்டை இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, கிட்டே வந்தவர்களை முழங்கையால் தள்ளினான். "தொடாதீங்கடா, தள்ளி நில்லுங்கடா!" வெட்டுப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸ் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஊருக்கு அக்கா சொன்னது அந்த ஒரு சட்டத்தை மட்டும்தான். ஊர் அதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தது.

"அழுத்துங்க!" என்று கத்தினேன். என் வாய் என்மேல் உட்கார்ந்திருந்தவனின் உள்ளங்கைக்குள் இருந்தது. கடித்தேன். பல்லில் எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவன் அலறி விழுந்தான். தவழ்ந்து போனேன்.

"அழுத்துடா அதை!"

"தொடக் கூடாதே!" என்றான் நெட்டை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அழுத்துடா நாயே! விரலை வெச்சு அழுத்து!"

அவன் அழுத்தினான். இரும்புக் கொக்கியிலிருந்து அரை மாட்டைக் கழற்றித் தோளில் போடுகிற கை அது. அழுத்தியதும் நின்றது. ஆனால் படி முழுக்க, தார் முழுக்க, உடைந்த முட்டைகளோடு கலந்து, அவள் ஏற்கெனவே கீழே கிடந்தாள்.

அவளை நீளமான பின்னிருக்கையில் கிடத்தினோம். "ஏறாதவங்க ஏறாதீங்க, நான் எங்கேயும் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். அப்படியும் ஒரு கூட்டம் தொற்றி ஏறியது. மண்டை உடைந்த குளிர்கிடங்கு ஆளும் அவனை உடைத்த முட்டைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நெட்டை தரையில் மண்டியிட்டு அவள் கையை அழுத்திப் பிடித்திருந்தான். அக்காவின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"உனக்கு கேட்டு சாத்திடுவாங்கடா" என்றாள் அவனிடம்.

"சாத்தட்டும். நீ பேசாம இரு அக்கா."

"தண்ணி குடு" என்றாள் என்னிடம்.

அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் அனுமதி. அதற்குமேல் கேட்டால் நான் கொடுத்ததில்லை. கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், ஒருநாள் குழாயடியில் அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். யாருடைய புட்டியோ கையில் கிடைத்தது. வாயில் வைத்தேன். பாதிக்குமேல் குடித்தாள்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு, குடி."

அடுத்த ஊர் நிறுத்தம் வந்தது. அங்கேயும் வரிசை, அவரவர் கல்லுக்குப் பின்னால் அவரவர். வண்டி வேகம் குறையாமல் வருவதைப் பார்த்துச் சாலைக்கு ஓடிவந்தார்கள். மாப்பிள்ளை ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. முட்டைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஆள் சாகப் போறாங்கடா, வழி விடுங்கடா!" என்று கத்தினார். என்ன கேட்டிருக்கும் அவர்களுக்கு? நிற்காமல் போகிற வண்டியிலிருந்து ஒரு பல்லில்லாக் கிழவன் கத்துவது தெரிந்திருக்கும். முதல் கல் பக்கவாட்டு ஜன்னலை உடைத்தது. இரண்டாவது முட்டைக்காரரின் தாடையில் பட்டது. பின்னாலேயே ஓடிவந்து எறிந்தார்கள். நான் அக்காவின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். கண்ணாடித்தூள் என் முதுகில் மழைபோல விழுந்தது. நெட்டையின் தலையில் ஒரு கல் பட்டுத் தெறித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டானே தவிர, கையை எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஊரில் சாலைக்குக் குறுக்கே ஆட்கள் நின்றார்கள். முன்னால் போன வண்டிக்காரன் எவனோ, பேருந்து நிற்காமல் வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டைகளும் கற்களும் கையில் இருந்தன. "நிறுத்தினா வண்டியைக் கொளுத்திடுவானுங்க" என்றார் மாப்பிள்ளை. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிறுத்தவில்லை. முன்கண்ணாடி அவர் மடியில் வந்து விழுந்தது. நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்க, ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். கடைசி நொடியில் எல்லாரும் குதித்து விலகினார்கள். ஒருவன் மட்டும் தாமதித்தான். வண்டியின் ஓரம் அவன் இடுப்பில் இடித்துத் தூக்கிப் போட்டது. அவன் பிழைத்துக்கொண்டான். இன்று கோல் ஊன்றி நடக்கிறான்.

அந்தச் சத்தத்துக்கெல்லாம் அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு நெட்டையின் விரல்களுக்குப் பக்கத்தில், அந்தப் புடைத்த கயிற்றின்மேல் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஓடவில்லை.

நெட்டையிடம் நான் சொல்லவில்லை. அவன் மருத்துவமனை வாசல் வரைக்கும் அழுத்தியபடியே வந்தான். நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, "விடுங்க" என்றாள். "நான் விடலைங்க, ஒரு நிமிஷம்கூட விடலைங்க" என்றான். அவன் விரல்கள் அப்படியே மடங்கி நின்றுவிட்டன. ஒவ்வொன்றாக அவள் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

போலீஸ் வந்தது. முதல் கல்லை யார் எறிந்தது என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் இருந்தது. மறுநாள் பிற்பகல் அக்காவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கொண்டுபோக வண்டி இல்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வாடகைக் கார்க்காரர்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். கல் எறிகிற சாலை என்று செய்தி பரவியிருந்தது. மாப்பிள்ளை தலையில் கட்டோடு வந்தார். வண்டியை டிப்போவில் கொண்டு போய் விடச் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் சாலைக்கு இனி பேருந்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள் என்றார். "டிப்போவுக்கு நம்ம ஊர் வழியாவும் போகலாம். கொஞ்சம் சுத்து. ஏத்துங்க."

கண்ணாடி ஒன்றுகூட இல்லாத அந்த வண்டியில், அதே பின்னிருக்கையில் அக்காவைக் கிடத்தினோம். இருக்கையை யாரும் கழுவியிருக்கவில்லை. நானும் நெட்டையும் காலடியில் உட்கார்ந்தோம். குளிர்கிடங்கில் அவனைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

முந்தின நாள் எங்களைக் கல்லால் அடித்த ஊரில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நிறுத்திய கால், நிறுத்தியது. அங்கே வேலை முடித்து வந்தவர்களும், எங்கள் ஊர்ப் பக்கம் போக வேண்டியவர்களும் கூடி நின்றார்கள். வேறு வண்டி இல்லை அவர்களுக்கு. ஏறினார்கள். பின்னிருக்கையைப் பார்த்தார்கள். முன்பக்கமாகவே நெருக்கி நின்றுகொண்டார்கள். ஒருவன் மட்டும் படியில் நின்றபடி, "நேத்து நிக்காம பறந்தீங்க, இன்னைக்கு என்ன புதுசா பாசம்?" என்றான்.

நெட்டை எழுந்து போய், கண்ணாடி கிழித்துக் கட்டுப்போட்டிருந்த கையாலேயே அவன் வாயில் குத்தினான். அவன் விழுந்தான். மறுபடி குத்தினான். யாரும் பிடித்து விலக்கவில்லை. எங்களோடு ஊர் திரும்பிய முட்டைக்காரரும் தாடைக் கட்டோடு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடிபட்டவன் வெளியே எட்டி ரத்தத்தைத் துப்பினான். வண்டி நகரத் தொடங்கியது. அவன் கம்பியைப் பிடித்து உள்ளே ஏறிக்கொண்டான். அவனும் வீட்டுக்குப் போக வேண்டுமே.

அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். உள்ளே நெரித்தார்கள். முழங்கைகள் மோதின; "காலை எடு", "நீ எடு" என்று ஆரம்பித்து ஒருவன் இன்னொருவனின் சட்டையைக் கிழித்தான். இரண்டு பெண்கள் ஓர் இருக்கைக்காகப் பையால் அடித்துக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி பின்னால்வரை நெருக்கித் தள்ளப்பட்டு எங்கள் எதிரில் வந்து நின்றாள். குழந்தை அவள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் விழப் போனாள். அவள் துணியில் சுற்றிய அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி இருக்கையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நகர்த்திக்கலாமாண்ணே?" என்று கேட்டாள்.

நெட்டை எழப் போனான். நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அக்காவின் கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தன, குடித்த தண்ணீரெல்லாம் கால்களில் இறங்கியிருந்தது. இருக்கையின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது. அவள் குழந்தையோடு உட்கார்ந்தாள்.